நான்காவது நகர்த்தல்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை. ஐந்தாவது, கடைசி மகனின் பெண். தாய் போனபோது அவளுக்கு இரண்டு வயது. செங்கல்பட்டில் இதே வீட்டில் என் கையால் சோறு தின்று வளர்ந்தாள். அவள் மேல்படிப்பைக் கெடுத்ததும் நான்தான்.

மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் இருபது வருஷம் பாத்திரம் தேய்த்தேன். மாடியில் வெள்ளைக்காரர்கள் செஸ் ஆடுவார்கள். பார்த்தே கற்றுக்கொண்டேன். பிறகு அவர்களையே தோற்கடித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதுதான் தடுமாறுவேன், கட்டத்தில் தடுமாறியதில்லை. எனக்குக் காய் நகர்த்தத் தெரியும் என்பதற்கு மேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

அவள் கல்லூரியில் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் படித்தாள். செஸ் ஆடும் ப்ரோக்ராம் ஒன்றைச் சொந்தமாக எழுதியிருந்தாள். மேலே படிக்க கோயம்புத்தூர் போக ஆசை. அவள் அப்பன், என் கடைசி மகன், சிறுசேரி ஆபீஸ் ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவன்.

"ஞாயித்துக்கிழம அத எனக்குக் காட்டு. உருப்படியா கீதுனா அனுப்பறேன். இல்லனா எங்க ஆபீஸ்ல ரிசப்ஷனுக்கு ஆள் கேக்கறாங்க, போய் உக்காரு" என்றான்.

புதன்கிழமை அவளிடம் கேட்டேன். "அது இன்னாடி யோசிக்குது?"

"யோசிக்கல ஆயா, தேடுது. நான் இங்க வச்சா நீ எங்க வைப்ப, அதுக்கு நான் எங்க வைப்பேன்னு ஒவ்வொரு வழியா போய்ப் பாக்குது. முன்ன பாத்தத விட மோசம்னு தெரிஞ்சா அந்த வழிய அதோட வெட்டிடும். கடைசில நின்னு மார்க் போடும். ராணிக்கு ஒம்பது, யானைக்கு அஞ்சு, குதிரைக்கு மூணு, சிப்பாய்க்கு ஒண்ணு. எதுல மார்க் ஜாஸ்தியோ அந்த வழி."

"எத்தினி நகர்த்தல் பாக்கும்?"

"மூணு. அதோடது, உன்னுது, திரும்ப அதோடது. மேல போனா ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது மடங்கா பெருகிகினே போவுது. லேப்டாப் திணறுது."

நான்காவது என்னுடையது. அங்கே அதற்குக் கண் இல்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க ஆயாவ வச்சு டெஸ்ட் பண்றேன்டி. கையெழுத்துப் போடவே பத்து நிமிஷம் ஆவும். அதுகிட்டயே தோத்தா டெலீட் பண்ணிட வேண்டியதுதான்."

வாயை மூடிக்கொண்டேன். நான்கு நாள் மூடியே வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன், "யம்மா, நீ ஆடு. உன்னையே ஜெயிக்கலனா இவ இன்னாத்த படிச்சா?" என்றான். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

என் யானையை மூலையில் காவல் இல்லாமல் விட்டேன். அதன் ராணி ஓடிவந்து வெட்டியது. குதிரையால் செக் வைத்தேன். ராஜாவுக்கு ஒரே கட்டம் இருந்தது, போனான். நான்காவதாக என் ராணியை இறக்கினேன். முடிந்தது.

"இன்னொரு ஆட்டம், ஆயா" என்றாள். அவள் குரல் கெஞ்சியது எனக்குக் கேட்காமல் இல்லை. மறுபடியும் யானையைக் கொடுத்தேன், இந்த முறை மகனுக்கும் புரியும்படி நிதானமாக.

"உன் மிஷினுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியல, பாப்பா" என்றேன்.

மகன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ரிசப்ஷன்ல அது போதும்."

அவள் என்னைத்தான் பார்த்தாள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"புதன்கிழமையே தெரியும்."

லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு வருஷமாக அப்பன் வேனில் சிறுசேரிக்குப் போய் வருகிறாள். ப்ரோக்ராமில் இருந்த அந்தக் குறையை அடுத்த வாரமே சரிசெய்துவிட்டாள். வெட்டும் செக்கும் அடங்கும்வரை இப்போது அது நிற்காமல் பார்க்கிறது. ஒரு சாயங்கால வேலைதான் அவளுக்கு. அதற்குப் பிறகு நான் அதை ஜெயித்ததில்லை. என்னிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அன்று நான் ஆடியது நல்ல ஆட்டம். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதை எழுத்துக்கூட்டி இந்த நோட்டில் எழுதி முடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. வேன் சத்தம் கேட்கிறது. வந்துட்டியா பாப்பா? இந்த நோட்ட எடுத்துக்கோ. நான் எழுதினது சரியானு எனக்குக் கேக்கணும். புதன்கிழமைலேர்ந்து படி, சத்தமா.