கோயிலுக்கு எந்தப் பக்கம்

லண்டனில் என் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. இலையுதிர்காலம் வந்தால் புதியவர்களைத் தெரிந்தெடுப்பார்கள். முதலில் ஒரு தேநீர் மாலை. புதியவர்கள் உட்கார்ந்திருக்க, மூத்தவர்கள் மேசைக்கு மேசை மாறி வந்து கதைத்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், காலில் கிடக்கிற சப்பாத்தைப் பார்ப்பார்கள். அதன் பிறகு சேலையோடு ஓர் ஆட்டப் பயிற்சி. கடைசியில் மூத்தவள் ஒருத்தியின் வீட்டில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு. சாப்பிட்டு முடிந்ததும் மூத்தவர்கள் மேல்மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தி வேண்டாம் என்றாலும் அந்தப் பிள்ளை வேண்டாம்தான். தேறியவளுடைய கையில் அவளுக்கு வாய்த்த அக்கா கண்ணாடி வளையல் போட்டுவிடுவாள். அன்றிலிருந்து அக்கா, தங்கச்சி. அடுத்த வருஷம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பார்கள், ஒரே சட்டியில் சோறு.

"வளையலே? ஈஸ்ட் ஹாமிலை ஒரு டசின் வாங்கித் தாறன்" என்று நான் பகிடி பண்ணினேன்.

"அம்மா, யூ டோண்ட் கெட் இட்."

எனக்கு விளங்கவில்லைதான். பிளேஸ்டோ வீட்டிலிருந்து ரயிலில் போய் ரயிலில் திரும்புகிற பிள்ளை. விடுதிப் பிள்ளைகள் சேர்ந்து சமைக்கிற நேரம் இவள் ரயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு மத்தியானம் அழைத்தேன். அவளுடைய குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது.

"எங்கையடி நிக்கிறாய்?"

"லைப்ரரி ஸ்டெயர்ஸில. சாப்பிடுறன்."

"ஆரோடை?"

"புட்டோட."

சிரித்தாள். நானும் சிரித்தேன். நெருப்புப் பிடித்தால் இறங்குவதற்கென்று கட்டிய படிக்கட்டு அது. தினமும் அங்கேதான், தனியே. அன்று முதல் அந்த வளையல் எனக்கும் வேண்டியதாகிவிட்டது.

தேநீர் மாலையில் தேறினாள். ஆட்டத்திலும் தேறினாள். மூத்தவர்களில் ஒருத்தி இவளை இப்போதே தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அந்தச் சொல்லை மகள் வீட்டுக்குள் இரண்டு நாள் வாயில் கற்கண்டுபோல உருட்டிக்கொண்டு திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரெதமில் ஒரு மூத்தவளின் வீட்டில் சாப்பாடு. சல்வாரை நான் அயர்ன் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தேன். மழை தூறுகிறதா, துணிந்து பெய்கிறதா என்று தெரியாத லண்டன் மழைக்குள் போனாள். நான் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"அம்மா, இந்த வீட்டு ஆன்டி நாங்க எந்த ஊர் எண்டு கேட்டா, சொல்லிட்டன். இப்ப கோயிலுக்கு எந்தப் பக்கம் எண்டு கேக்கிறா. எனக்கு ஐடியாவே இல்லை. ஸ்பீக்கர்ல போடுறன், நீங்களே சொல்லுங்கோ."

வேண்டாம் பிள்ளை என்று சொல்ல முதல் போட்டுவிட்டாள். கோப்பைகளின் சத்தம், பெட்டைகளின் கிலுகிலுப்பு. அதற்கு மேலாக ஒரு குரல், பாயாசம்போல.

"அக்கா, சுகமே? பிள்ளை நல்ல வடிவு. சும்மாதான் கேட்டனான், எங்கடை ஆக்களும் அந்தப் பக்கம் இருக்கினம். நீங்கள் கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?"

சும்மா கேட்கிற கேள்வி அல்ல அது. எங்களில் யாரும் சாதியை வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவு நாகரிகம். ஊரைக் கேட்பார்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பக்கம் தெரிந்தால் எல்லாம் தெரிந்தது. கடல் கடந்து, அகதி விண்ணப்பம் கடந்து, ஷிப்ட் ஷிப்டாய் இந்த நகரத்தைக் கூட்டித் துடைத்து நிமிர்ந்த பிறகும் அந்தக் கோயில் எங்களைவிட்டு ஓரடி நகரவில்லை. என் மகளுக்கு அது வெறும் திசை. வெயில் எந்த யன்னலால் வரும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

மேற்கு, உயர்ந்தவர்கள் என்பவர்களின் பக்கம். ஒரு சொல். சொல்லியிருக்கலாம். பொய்க்கு வாய் வரவில்லை என்று எழுதினால் பெருமைக்கு எழுதியதாகும். பொய் நிற்காது, அதுதான் காரணம். ஊர்ச்சனம் இருக்கிற ரொறன்ரோவுக்கு ஓர் அழைப்புப் போதும், எங்கள் தலைமுறைகளையே உரித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

"கிழக்கை" என்றேன்.

"ஓ" என்றாள் அவள். பிறகு, "ஓம் ஓம். நல்லது அக்கா. பிள்ளை சாப்பிடட்டும்."

வெங்காயம் கருகிப்போயிருந்தது.

பிள்ளை சாப்பிட்டாள். மூத்தவர்கள் மாடிக்குப் போனார்கள். அந்த வீட்டுக்காரி தன் மகளை மட்டும் குசினிக்குக் கூப்பிட்டு ஏதோ சொல்லி மேலே அனுப்பியதை இவள் கண்டாளாம். தண்ணீர் கொண்டுபோகச் சொல்கிறாள் என்று நினைத்தாளாம். வளையல் மற்றக் கைகளுக்குப் போனது. இவளுக்கு, வீட்டுக்குத் திரும்பி வரும்போது ரயிலில் ஒரு செய்தி, முழுக்க இதயப் படங்கள்: உன்னைச் சந்தித்ததில் சந்தோஷம், இந்த முறை இடம் குறைவு, அடுத்த வருஷம் கட்டாயம் வா. தங்கச்சி என்று கூப்பிட்டவள் தனியே அழைத்து அழுதிருக்கிறாள். "எனக்கு நீ ஓகே. ஒருத்திதான் நோ சொன்னவள், அவளின்ர அம்மா சொல்லி. ஏன் எண்டு அவளுக்கே சரியாத் தெரியாது."

இந்த ஒரு வரிதான் என்னை இன்னமும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஏன் என்று தெரியாமலே ஒரு பிள்ளை கதவைச் சாத்தப் பழகிவிட்டது. தெரிந்து சாத்தியிருந்தால் வாதாடலாம்.

மகள் ஈரக் கோட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"கிழக்கு எண்டா என்னம்மா?"

சொன்னேன். எவ்வளவு சுருக்கமாகச் சொல்லலாமோ அவ்வளவு சுருக்கமாக. பத்தொன்பது வருஷம் அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்ததைச் சொல்ல ஒரு தேத்தண்ணி கொதிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. அவள் கோபப்படுவாள், இங்கே பிறந்த பிள்ளையல்லவா, கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் யோசித்தாள்.

"அப்ப அடுத்த வருஷம் மேற்கு எண்டு சொல்லட்டா?"

நான் அவளுடைய ஈரக் கோட்டை வாங்கி மாட்டினேன். அவள் உடுப்பு மாற்றி, சல்வாரை மடித்துக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு மேலே போனாள்.

திங்கட்கிழமை புட்டுக் கட்டிக் கொடுத்தேன். மத்தியானம் அழைத்தேன். "ஹலோ அம்மா" என்றாள். குரல் மறுபடியும் கிணற்றுக்குள்ளிருந்து எதிரொலித்தது.