இருமல் இல்லை என்று எழுதிய படிவம்

எங்கள் வீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். 'வீட்டில் யாருக்காவது தொடர்ந்து இருமல் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மகள் வாங்கிப் பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ ஸ்கூல் டீச்சரும்மா," என்றாள். அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள். நீடித்த வளர்ச்சி பற்றி நாடுகள் கூடிப் பேசப் போகின்றன, அதற்கு முன்னால் இளைஞர்களின் கருத்தைக் கேட்க பெங்களூரில் அரசு ஒரு கூட்டம் நடத்துகிறது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து தேர்ந்தெடுத்தவர்களில் இவளும் ஒருத்தி. பேச மூன்று நிமிடம். அங்கே ஏற்றுக்கொள்வது மாநிலம் டெல்லிக்கு அனுப்பும் குறிப்பில் சேரும்.

அவளுக்கு வேண்டியது ஒரு வரி. எங்கள் ஊரில் மூடிய தங்கச் சுரங்கங்களின் கழிவு மேடுகளில் செடி வளர்த்துத் தூசியை அடக்க வேண்டும், சுற்றி இருப்பவர்களின் நுரையீரலைப் பரிசோதிக்க வேண்டும். "அந்த ஒரு வரி உள்ள போயிட்டா போதும்மா. அப்பால யாரும் எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது."

பேச்சோடு ஆதாரமும் அனுப்பச் சொன்னார்கள். அதற்குத்தான் படிவம். ஆடிக் காற்று அடிக்கும்போது தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் மாவு, வரிசையாய்க் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் சோற்றுத் தட்டு வரை வரும். ஆதாரத்துக்கா பஞ்சம் என்று அவள் நினைத்தாள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்தில் மெடிக்கல் பரிசோதனை நாள் வந்தால் ஆண்கள் இருமலை அடக்க விடிந்ததிலிருந்து சுடுதண்ணீர் குடிப்பார்கள். டாக்டர் முன்னால் மூச்சை அடக்கி நிற்பார்கள். இருமல் என்று எழுதிவிட்டால் கீழே இறங்க விடமாட்டார்கள், மேல் வேலைக்குச் சம்பளம் குறைவு. என் மாமனார் இருமல் வந்தால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயை முழுவதும் திறந்துவிடுவார். சுரங்கம் மூடி இத்தனை வருடமாகியும் காகிதத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால் எங்கள் வாயில் தானாக வருவது 'இல்லை'தான்.

மகள் படிவத்தோடு போய் நின்றபோது எதிர்வீட்டு அக்கா பேச்சை முடிப்பதற்குள் மூன்று முறை இருமினார். "இன்னா கண்ணு, கவர்மென்ட்டு பேப்பரா? இல்லன்னு போட்டுக்கோ."

"இப்பகூட இருமினீங்களே பெரியம்மா?"

"இது இருமலா? மத்தியானம் துன்ன மீனு முள்ளு."

"நேத்தும் முள்ளுதானா?"

"போடி, நீயும் உன் பேப்பரும். வூட்டுப் பட்டா வர்ற நேரத்துல சீக்கு வூடுன்னு எழுதிக்கினு போவாத."

எல்லாப் படிவமும் 'இல்லை' என்றே வந்தது. கெடு முடிந்துவிட்டதால் வந்ததை வந்தபடியே அனுப்பினாள். நேரில் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

நான் ஏன் அப்படி எழுதினேன்? எனக்கு இரண்டு வருடமாக வறட்டு இருமல். என் கணவருக்கு அதைவிட அதிகம். அவர் தொழிற்சாலையில் ஒப்பந்த வெல்டர், வருடா வருடம் மெடிக்கல் உண்டு. இருமலுக்காக அங்கே யாரையும் வேலையை விட்டு அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் என் கை 'இல்லை' என்று எழுதியது.

கூட்டத்தன்று மாரிகுப்பத்தில் முதல் ரயிலைப் பிடித்தோம். துணைக்கு நான். பங்காருபேட்டை தாண்டும்வரை அவள் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பெற்றோருக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நன்றாகப் பேசினாள். மூன்றாவது நிமிடத்தில் அந்த ஒரு வரியைச் சொன்னாள். குறிப்பெழுதும் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். கோபமில்லாமல், கன்னடத்தில் கேட்டார்: "நீங்கள் அனுப்பிய படிவங்களில் யாருக்கும் இருமல் இல்லையே அம்மா? எதை வைத்து நான் சேர்ப்பது?"

யாரோ லேசாகச் சிரித்தார்கள். "எங்க ஊர்ல அப்படித்தான் எழுதுவாங்க சார்," என்றாள் மகள். அதைச் சொன்னதும் அது எவ்வளவு பலவீனமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன்.

எழுந்தேன். முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "சார், அதில் ஒரு படிவம் என்னுடையது. அது பொய். எனக்கு இருமல் இருக்கிறது," என்றேன். கணவரைப் பற்றிச் சொல்லவில்லை.

"நீங்கள்?"

"அவளுடைய அம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் மற்ற படிவங்களையும் நான் எப்படி நம்புவது?"

காப்பாற்ற எழுந்தவள் மொத்தத்தையும் கெடுத்துவிட்டேன் என்று அந்த நொடியில் நினைத்தேன். மெடிக்கல் நாள், சுடுதண்ணீர், குழாய் எல்லாவற்றையும் தெரிந்த கன்னடத்தில் கொட்டினேன். பாதியில் இருமல் வந்தது. பழக்கத்தில் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். அறையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு மகளிடம், "குறிப்பு அனுப்பப் பத்து நாள் இருக்கிறது. திரும்பக் கேட்டு, கையெழுத்தோடு கொண்டு வாருங்கள். வந்தால் சேர்க்கிறேன். வராவிட்டால் அந்த வரி கிடையாது," என்றார்.

திரும்பும் ரயிலில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஊர் வரும்வரை நோட்டில் கேள்விகளைத் திரும்ப எழுதிக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் புதுப் படிவக் கட்டோடு வெளியே போனவள், போன வேகத்தில் எங்கள் வீட்டுக் கதவையே தட்டினாள். திறந்தேன். யாரோ போல நின்றிருந்தாள்.

"வணக்கங்க. உங்க வீட்டுல யாருக்காச்சும் இருமல் இருக்குதாங்க?"

சிரிப்பு வரும் என்று பார்த்தேன். அவள் முகத்தில் அதற்கு இடமே இல்லை.

"இருக்குது," என்றேன்.

"எத்தினி பேருக்கு?"

பாத்ரூமில் குழாய் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த மாதம் என் கணவருக்குத் தொழிற்சாலையில் மெடிக்கல்.

"ஒருத்தருக்கு. எனக்கு."

அவள் எழுதவில்லை. பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. குழாய் நின்றது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது, இந்த முறை மறைக்க எதுவும் இல்லாமல்.

"ரெண்டுன்னு போட்டுக்கோ," என்றார் கதவுக்குப் பின்னாலிருந்து. "இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற, எழுதிட்டுப் போ."

எழுதினாள். என்னிடம் பேனாவை நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். அவள் படிவத்தை வாங்கிக் கட்டின் மேலே, எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.