தோற்பதற்கென்று ஒரு ஆள்

பெத்தாங் அணியில் மூன்று பேர் ஆடுவார்கள். நான் நாலாவது ஆள். தலைவர் என் கணவரின் அண்ணன். மாமா என்று கூப்பிடுவேன். அடுத்தவர் என் கணவர், மூன்றாமவர் மாமாவின் கூட்டாளி. ஆபீஸ் விட்டு வந்ததும் உப்பளம் பகுதியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சரளைத் தரையில் அவர்களோடு தினமும் ஆடிப் பழகுவேன். கொஷோனே என்று இன்றும் பிரெஞ்சிலேயே சொல்கிற சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நம் இரும்புக் குண்டைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். அதில் நான் ஒன்றும் சோடை இல்லை. ஆனால் போட்டி என்று வந்தால் தண்ணீர் பாட்டிலும் குண்டு துடைக்கிற துணியும்தான் என் கையில் இருக்கும்.

அதனால் போன வருடப் போட்டியில், எங்கள் பிரிவின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாமா போன் செய்து, "நாளைக்கு நீ எறங்குறம்மா" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைச்சாவடியில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னேன், ஆபீஸில் சொன்னேன். சொல்லாத ஆள் பாக்கியில்லை.

மறுநாள் மைதானத்தில் குண்டுகளைக் கையில் கொடுத்த பிறகுதான் மாமா விஷயத்தைச் சொன்னார். முதல் இரண்டு ஆட்டத்திலும் ஜெயித்ததால் அடுத்த சுற்று எங்களுக்கு ஏற்கெனவே உறுதி. இதிலும் ஜெயித்துப் பிரிவில் முதலாவதாக வந்தால் துணிக்கடைக்காரர்களோடு மோத வேண்டும். பள்ளிவாசல் தெருவில் பரம்பரையாகத் துணி வியாபாரம் செய்யும் குடும்பத்து ஆட்கள்; அவர்கள் பெயரைக் கேட்டாலே மற்ற அணிகள் பாதி தோற்றுவிடும். இரண்டாவதாக வந்தால் கிடைப்பது ஒரு நோஞ்சான் அணி.

"அதனால இத விட்டுடுறோம். தப்பில்லம்மா, கணக்கு. எல்லா வெளயாட்டுலயும் செய்யறதுதான்."

"அப்போ என்னை ஏன் மாமா எறக்குறீங்க?"

"என் கூட்டாளி ஆடித் தோத்தா சந்தேகப்படுவாங்க இல்ல?"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது. கணவரைப் பார்த்தேன். அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றால், எங்கே சொல்வது? நடுவர் கூப்பிட்டுவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஆபீஸ் பெண்கள். நன்றாக ஆடினால் வீட்டில் நிம்மதி போகும். மோசமாக ஆடினால் மானம் போகும். மாமா தவறவிட்டால் இன்றைக்கு அவருக்கு நேரம் சரியில்லை என்பார்கள். நான் தவறவிட்டால் என் லட்சணமே அவ்வளவுதான் என்பார்கள்.

எதிரணி வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து அண்ணன் தம்பிகள். பாவம், உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நான் ஒன்றைக் குட்டையாகப் போட்டேன், ஒன்றை நீளமாகப் போட்டேன். ஒருமுறை மட்டும் கை என் பேச்சைக் கேட்கவில்லை. குண்டு அழகாக உருண்டுபோய் மரக்குண்டை ஒட்டி நின்றது. கைதட்டல் எழுந்தது. அம்மா எழுந்தே நின்றுவிட்டாள். அண்ணன் தம்பிகள் தங்கள் குண்டுகளையெல்லாம் வீசிப் பார்த்தும் அதை அசைக்க முடியவில்லை.

மாமா கையில் ஒரு குண்டு பாக்கி. அதைச் சும்மா காலடியில் போட்டிருந்தாலும் புள்ளி எங்களுக்குத்தான். அவர் கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்து வீசினார். உயர எழும்பி நேராக என் குண்டின்மேல் இறங்கியது. என் குண்டு தெறித்துக் கோட்டுக்கு வெளியே போனது. அன்று முழுக்க அந்த மைதானத்தில் அதைவிட நல்ல அடியை யாரும் அடிக்கவில்லை.

"அடடா, கை தவறிடுச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு நான் நடிக்கத் தேவையே இருக்கவில்லை. குண்டு எங்கே விழுகிறது என்றுகூடப் பார்க்காமல் போட்டேன். தோற்றோம்.

"கை நடுங்கிச்சா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"வெயிலும்மா" என்றேன்.

அடுத்த ஆட்டத்துக்குக் கூட்டாளி திரும்பி வந்தார், நான் தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பினேன். கடைசியில் இறுதி ஆட்டத்தில் அதே துணிக்கடைக்காரர்களோடுதான் மோதினார்கள். ஜெயித்தார்கள். அப்படியானால் முதலிலேயே மோதியிருக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. அணிக்காகத் தோற்கலாமா கூடாதா என்று டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் விவாதிக்கும்போது நான் எழுந்து போய்விடுவேன். அணி எங்கே தோற்கிறது? அதில் யாரோ ஒருத்தி தோற்கிறாள். மற்றவர்கள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருடம் கூட்டாளிக்கு முட்டியில் ஆபரேஷன். இனி நான்தான் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, லாசுப்பேட்டையிலிருந்து புதிதாக ஒருவரைச் சேர்த்திருப்பதாக மாமா சொன்னார். கரண்டியை வைத்துவிட்டு, ஏன் நான் இல்லையா என்று கேட்டேன்.

"பழகும்போது நல்லாத்தான் ஆடுற. மேட்ச்னா உனக்குக் கை ஒதறுதேம்மா. போன வருசம் பாத்தோமே."

"நீங்கதானே மாமா தோக்கச் சொன்னீங்க?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"சொன்னேன்தான். ஆனா சொல்லாட்டியும் அதானம்மா நடந்திருக்கும்?"

கணவர் ரசத்துக்குக் கை நீட்டினார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதை வைத்துச் சொல்வது? நான் ஆடிய ஆட்டம் அது ஒன்றுதான்.