எபனேசர் அண்ணாச்சி வீட்டில் முப்பத்தெட்டுப் பேர்

அண்ணாச்சி போய்விட்டார் என்ற சேதியை என் மருமகன் வடலூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சொன்னான். எனக்கு அழுகை வரவில்லை. "எங்க பேரு இன்னும் ஏறல, அதுக்குள்ள அவருக்கு இன்னா அவசரம்?" என்று கத்தினேன். மாமனாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

எபனேசர் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மனாக இருந்தவர். நான் கம்மாபுரம் பக்கத்து ஆள், அங்கேயே மண் அள்ளிய கான்ட்ராக்ட் கூலி. படிப்பு மூணாம் வகுப்பு. சபையாரே, இந்தக் கடுதாசியில் எழுத்துப் பிழையை மன்னித்துவிடுங்கள், விஷயத்தை மன்னிக்க வேண்டாம்.

நம் சபை முன்னேற்றமான சபை என்று நாமே சொல்லிக்கொள்வோம். சும்மா சொல்லக் கூடாது, சொந்த ஊரில் தனித்தனிக் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எழுபதுகளிலேயே பெண்கள் முன்னால் நின்று வேதம் வாசித்தார்கள். யாரையும் சாதி கேட்டதில்லை. அங்கத்தினர் பதிவேட்டில் கம்பெனி குவார்ட்டர்ஸ் நம்பர் மட்டும் கேட்பார்கள். அதைக் கேட்டால் சாதி தானாக வந்து நிற்கும். கான்ட்ராக்ட்காரனுக்கு ஏது குவார்ட்டர்ஸ்? டவுன்ஷிப்புக்கு வெளியே குடிசை போட்டிருந்த எங்கள் எட்டுக் குடும்பத்துக்கும் தனியாக ஒரு விருந்தாளி நோட்டு. நாங்கள் பாடலாம், காணிக்கை போடலாம், பண்டிகைச் சாப்பாடு சாப்பிடலாம். எங்கள் பிள்ளைகளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கமாட்டார்கள், ஓலை வாசிக்காமல் அங்கே கல்யாணமும் நடக்காது.

பதிவேடு எழுதும் வேலை ஒரு வருஷம் அண்ணாச்சி கைக்கு வந்தது. எட்டுக் குடும்பத்தையும் எழுதி, எல்லார் பெயருக்கு எதிரிலும் தன் குவார்ட்டர்ஸ் நம்பரையே போட்டுவிட்டார். கமிட்டியில் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே வீட்ல முப்பத்தெட்டுப் பேரா, எபனேசர்?" என்றார் கமிட்டித் தலைவர்.

"ஆமா."

"ரெண்டு ரூம்தானே இருக்கு. எப்படிப் படுக்கறாங்க?"

"ஷிப்ட் முறையிலதான்."

வெளியே நான் சிரித்த சிரிப்பில்தான் காரியம் கெட்டது என்று அண்ணாச்சி சாகிறவரைக்கும் சொல்லுவார். முப்பத்தெட்டுப் பெயரையும் சிவப்பு மையால் அடித்தார்கள். 'விதியை மாற்றுவதைப் பற்றி அடுத்த கமிட்டியில் பேசலாம்' என்றார்கள். மனுஷன் அதை நம்பினார். ஒரு கமிட்டி இல்லை, பல வருஷத்துக் கமிட்டியை நம்பினார். எனக்கு அவர்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் இதற்குத்தான்.

என் மகள் எஸ்தருக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவரிடம் போய் நின்றேன்.

"பொறும் வே சின்னப்பன், அடுத்த மாசம் கமிட்டி கூடுது. மனசு மாறுறதுக்கு நாளாகும்லா?"

"இவங்க மனசு மாறுற வரைக்கும் மாப்ள காத்துக்கினு இருப்பானா அண்ணாச்சி?"

எங்கள் குடிசை வாசலில் பந்தல் போட்டு, வெளியூர் போதகர் ஒருவரை அழைத்துவந்து கல்யாணத்தை முடித்தேன். அண்ணாச்சி விடியற்காலையிலேயே வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் நின்றார். நான் சும்மா இருப்பேனா? "கமிட்டிக்காரரே, இந்த இலைக்கு சாம்பார்! அடுத்த மாசம் இல்ல, இப்பவே ஊத்துங்க!" என்று எல்லார் முன்னாலும் கூப்பிட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றினார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை.

பிறகு அவர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வாடகை வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பேருக்கு எதிர்ல பழைய நம்பரே இருக்கட்டும் சார். நீங்க நம்ம ஆளு" என்றார்.

அண்ணாச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பக்கத்தில் நின்ற என்னைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

"அப்பம் இவன் யாரு ஆளு? குவார்ட்டர்ஸ் இல்லாதவன் விருந்தாளின்னா நானும் விருந்தாளிதான். என் பேரையும் அடியும்!"

யாரும் அடிக்கவில்லை. அவரே பதிவேட்டை எடுத்துத் தன் பெயரை அடித்தார். விருந்தாளி நோட்டில் என் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார். சாகும்வரை அதில்தான் இருந்தார்.

அடக்க ஆராதனையில் 'நம் சபையின் மூத்த அங்கத்தினர்' என்று அவரைச் சொன்னீர்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். செத்தவரைச் சேர்த்துக்கொள்வது உங்களுக்குச் சுலபம், அவரிடம் வீட்டு நம்பர் கேட்க வேண்டியதில்லை. எங்கள் எட்டுக் குடும்பம் இன்னும் உயிரோடு இருப்பதுதான் உங்களுக்குத் தொந்தரவு.

அண்ணாச்சியின் பொறுமையை அவரோடு குழியில் இறக்கியாகிவிட்டது. அது எனக்கு வேண்டாம். அந்த ஒரு நாள் கோபத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த கமிட்டிக்கு அதோடு வருகிறேன். கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும், உள்ளே வந்து உட்காருவேன்.