பேப்பர் மூலையில் ஓர் எண்

திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு வரும் தெலுங்குப் பேப்பரின் ஒரு மூலையில் தினமும் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். முந்தின நாள் மலையில் எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள், எத்தனை பேர் மொட்டை போட்டுக்கொண்டார்கள் என்று அதில் போட்டிருப்பார்கள். அந்த மொட்டைக் கணக்கின் மீதுதான் என் மகளுக்கு உயிர். பொம்மை வேண்டாம், கார்ட்டூன் வேண்டாம், பல சமயம் நானும் வேண்டாம்.

அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது மூன்றரை வயது. இப்போது ஒன்பது. பேச்சு குறைவுதான். ஆனால் காலையில் கண் விழித்ததும் "எத்தினி மொட்டை?" என்று கேட்பாள். சொன்னால் கண்ணை இடுக்கி, உள்ளங்கைகளை உரசிக்கொண்டு வீட்டை இரண்டு சுற்று ஓடி வருவாள். பிறகு நோட்டில் எழுதுவாள். போன வருஷத்து எந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டாலும் எண்ணைச் சொல்வாள். நகரியிலிருந்து வந்த என் நாத்தனார், "கொழந்தைக்குப் பெருமாள் மேல எம்மாம் பக்தி பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெருமாளாவது ஒன்றாவது. மலைக்கு அழைத்துப் போனால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறவள் அவள்.

பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பது ஏற்பாடு. மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சர்தான் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சத்தியவேடு பக்கத்துத் தமிழர். மறுநாள் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, என் மகள் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார். அவள் எண்ணை எழுதும் முன் வகுப்பில் எல்லாரும் ஊகித்துச் சொல்ல வேண்டும். யார் கிட்டத்தில் வருகிறார்களோ அவருக்குத்தான் அன்று பலகை துடைக்கும் உரிமை. இடமதிப்பும் கழித்தலும் அந்தக் கட்டத்தை வைத்தே நடந்தன. அதுவரை அவள் பெயர்கூடத் தெரியாத பிள்ளைகள், இன்றைக்கு எவ்வளவு என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டு பள்ளி கேட்டுக்கே ஓடி வந்தார்களாம். அவள் வாயால் சொல்ல மாட்டாள், பலகையில்தான் எழுதுவாள். கடைசி பெஞ்சிலிருந்து இரண்டாவது பெஞ்சுக்கு வந்தாள். மதியம் ஒருத்தி டிபன் பாக்ஸோடு அவள் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். டீச்சர் அதைப் போனில் சொன்ன அன்று, கம்பெனி பஸ்ஸில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

அதோடு நான் திருப்திப்பட்டிருக்கலாம். எனக்குத்தான் பேராசை.

எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. பஸ் ஆறே முக்காலுக்கு வரும், ஒரு நிமிஷம் நிற்காது. வீட்டுக்காரருக்குச் சித்தூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். பிள்ளையைத் தயாராக்கிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓட வேண்டும். ஷூ போடுவது ஒரு யுத்தம். ஒரு நாள் ஆத்திரத்தில் பேப்பரைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "ஷூ போடு, அப்பொறம் மொட்டை சொல்றேன்" என்றேன். இரண்டே நிமிஷத்தில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் இட்லிக்கு அதையே செய்தேன். அடுத்த வாரம் பல் தேய்க்க, தலை வார, தெலுங்கு எழுத. போகப்போக எண்ணை முழுசாகச் சொல்வதைக்கூட விட்டுவிட்டேன். ஐந்து இலக்கத்தையும் பிரித்து, ஒரு வாய் இட்லிக்கு ஓர் இலக்கம் என்று கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

டீச்சருக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன்.

"வேணாம்மா. அவளுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். அத வெச்சிக்கினு வேலை வாங்காதீங்க."

"நீங்களும் அத வெச்சித்தான மேடம் கணக்கு சொல்லித் தரீங்க?" என்றேன் வெடுக்கென்று.

"நான் அவளண்ட கேட்டு வாங்கிக்கிறேன். நீங்க புடுங்கி வெச்சிக்கிறீங்க."

விடியற்காலையில் இந்தப் பிள்ளைக்கு ஷூ மாட்டிப் பார்த்தால் தெரியும் என்று மனசுக்குள் பொரிந்துவிட்டுப் போனை வைத்தேன்.

நாலு மாதம் எல்லாம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை எழுந்தவள் எண்ணைக் கேட்கவில்லை. தானாகவே போய்ப் பல் தேய்த்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் கேட்கவில்லை. புதன்கிழமை நானே பேப்பரை விரித்து அவள் முன்னால் வைத்தேன். அதன் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பள்ளியிலும் சாக்பீஸை வாங்கவில்லையாம். டீச்சர் வேறு யாரையும் எழுதச் சொல்லவில்லை, தானும் எழுதவில்லை. "காத்துக்கினு இருப்போம்மா. திரும்பி வந்தா வரட்டும். வேற எது மேலயாவது மனசு போனா அங்கிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பிள்ளைகள் ஒரு வாரம் வெறும் கட்டத்தைப் பார்த்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். கேட்டுக்கு ஓடி வருவது நின்றுபோனது. மதியம் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும் இன்னும் உட்காருகிறாள்.

வீட்டில் நான் பீரோவைத் திறந்தே வைத்தேன். பழைய பேப்பர்களை எல்லாம் எடுத்துக் கண்ணில் படுகிற மாதிரி போட்டேன். சித்தூரிலிருந்து வந்த அவள் அப்பா, "நைனாவுக்குச் சொல்லு கண்ணு, நேத்து எத்தினி மொட்டை?" என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. அழுதாலாவது தூக்கி வைத்துச் சமாதானம் செய்யலாம். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவள் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு வேலையும் சொல்லாமல், பதிலுக்கு எதுவும் கேட்காமல், எண்ணை அவளுக்குப் படித்துக் காட்டலாம் என்று பேப்பரோடு எதிரே உட்கார்ந்தேன். "இருபத்தி ரெண்டாயிரத்து..." என்று தொடங்கினேன்.

அவள் வாயைத் திறந்தாள். என் பக்கம் பார்க்காமலே, இட்லிக்காக அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் ஊட்டாமல் இருக்கவே வாயை மூடிவிட்டு, ஷூவுக்காக இரண்டு கால்களையும் என் மடியில் நீட்டினாள்.

மீதி எண்ணை என்னால் படிக்க முடியவில்லை. அந்த வெறுங்கால்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.