அம்மாவின் வாயில் இருந்த கல்

வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஏறக்குறைய நின்றுவிட்டன. ஒரு நாளைக்கு அவர் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை இப்போது டாக்டர் தீர்மானிக்கிறார். காலையில் நான் ஒரு போத்தலில் அளந்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன். தேநீர், கஞ்சி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். நான் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவள். அளப்பதும் குறிப்பதும்தான் என் தொழில். இருந்தாலும் இந்தப் போத்தலை நிரப்பும்போது என் கை அவசரப்படுகிறது.

சென்ற மாதம் அங்குள்ள தாதி ஒருவர் தாகத்தை அடக்கும் வழிகளை அம்மாவுக்குத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொடுத்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பலாம். புளிப்பான தேசிக்காய்த் துண்டை நாக்கில் தடவலாம். எதையாவது வாயில் அடக்கிக்கொண்டால் எச்சில் ஊறும். அம்மா எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அது பழக்கந்தானுங்க மிஸ்" என்றார். தாதி சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம். கொடகவெலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒரே அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். அம்மா மலையில் கொழுந்தெடுத்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தோட்டத்து வேலை கேவலம் என்று சொல்லி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வயல்களில் தோண்டும் மாணிக்கக் கல் குழிகளுக்குப் போய்வந்தார். எத்தனையோ குழிகளில் இறங்கியும் அவர் கைக்குக் களிமண்தான் வந்தது.

பாடசாலையில் சுகாதாரப் பாடத்தில் நல்ல பழக்கங்கள் என்று ஒரு வரிசை எழுதித் தந்திருந்தார்கள். எனக்கு அப்போதே வரிசைகள் பிடிக்கும். வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சித்தப்பா பல் துலக்குவதில் தேறினார், நகம் வெட்டுவதில் தேறவில்லை. அப்பா கைகழுவுவதில் அரைகுறை. அம்மா எல்லாவற்றிலும் முதலிடம், தண்ணீர் குடிப்பதைத் தவிர. வீட்டுக்கு வேண்டிய தண்ணீரையெல்லாம் ஊற்றுநீர் விழும் பீலியிலிருந்து அவர்தான் சுமந்தார். ஆனால் விடியற்காலையில் பாலில்லாத சாயத்தண்ணி அரை டம்ளர் குடித்தால், மாலையில் கொழுந்து நிறுத்து வீடு வரும்வரை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கமாட்டார்.

"டீச்சர் நெறய தண்ணி குடிக்கச் சொன்னாங்கம்மா."

"ஒங்க டீச்சர ஒரு நாளு எங்ககூட மலைக்கு வரச் சொல்லு" என்றார் அம்மா.

மாலையில் வந்ததும் அவர் செய்வதற்கும் ஒரு வரிசை இருந்தது. முதுகுக் கூடையை இறக்குவார். இடுப்பில் சுற்றியிருக்கும் படங்குச் சாக்கை அவிழ்த்துத் தட்டி, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கி உப்பில் போடுவார். பிறகு பீலியடியில் குனிந்து, வாயிலிருந்து ஒரு சின்னக் கல்லை உள்ளங்கையில் துப்பிக் கழுவுவார். அதற்குப் பிறகுதான் குடிப்பார். டம்ளர் டம்ளராக, கண்ணை மூடிக்கொண்டு. கல் காய்ந்ததும் மஞ்சள் டின்னுக்குப் பின்னால் போய்விடும். பட்டாணிக் கடலையைவிடக் கொஞ்சம் பெரிது, செம்மண் நிறம், கண்ணாடிபோல வழுவழுப்பு. வெற்றிலைப் பை, சீப்பு, கல் என்று அம்மாவின் சாமான்களில் அதுவும் ஒன்று. ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காரணத்தை இன்று நான் சொல்ல முடியும். அந்த மலையில் பெண்களுக்குக் கழிவறை இல்லை. தேயிலைச் செடி இடுப்பளவுதான். மேலே பாதை, கீழே கங்காணி. யாராவது ஒருத்தி நிரையை விட்டு ஓரமாகப் போனால், "என்னா, கொழுந்து அங்கயா மொளச்சிருக்கு?" என்று அவர் கீழிருந்தே சத்தம் போடுவார். மலை முழுக்கச் சிரிக்கும். சில பெண்கள் அந்தச் சிரிப்புக்குப் பழகிக்கொண்டார்கள். அம்மா பழகவில்லை. குடிக்காவிட்டால் போகத் தேவையில்லை என்று முடிவெடுத்து, நாக்கு ஒட்டாமல் இருக்க ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் அந்தக் கல்லின் கதை. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் கொழுந்தனுக்கு முன்னால் அதைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வராது.

குழியில் மழைத்தண்ணீர் ஏறியதால் சித்தப்பா ஒருநாள் நேரத்தோடு வந்துவிட்டார். பீலியடியில் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர், அம்மா துப்பியதைப் பார்த்தார். சாய்ந்த வெயிலில் ஈரக்கல் ஒரு கணம் சிவந்தது. குழியில் கல் கிடைத்தவன் முதலாளி கண்ணில் படாமல் அதை நாக்குக்கடியில் ஒளிப்பான் என்பது சித்தப்பா எங்களுக்கு அடிக்கடி சொல்லும் கதை. வாய்க்குள் கல் இருப்பதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும் என்று அவர் நினைக்கவே இல்லை.

"அண்ணி, வாயில என்னா?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா கல்லு."

"எங்க குழியிலயும் எல்லாமே சும்மா கல்லுதான், மொதலாளி பாக்குற வரைக்கும்."

அப்பா வந்ததும் கதவைச் சாத்தினார்கள். லயத்தில் சுவர்கள் கூரைவரை போவதில்லை; ஆகவே விசாரணை முழுதும் குசுகுசுப்பாகவே நடந்தது.

"எங்க எடுத்த?" என்றார் அப்பா.

"ஆத்துலங்க. கல்யாணம் முடிஞ்சு வந்த வருசம்."

"அப்பருந்தா மறைச்சு வச்சிருக்க? யாருக்கு, ஒன் அண்ணனுக்கா?"

"யாருக்கும் இல்லீங்க. வாயில வைக்கத்தான்."

"வாயில வைக்க அது என்னா டொபியா? எதுக்கு வச்ச, அதச் சொல்லு."

அம்மா நிமிர்ந்து, வாசற்படியில் குந்தியிருந்த சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அதற்குமேல் பேசவில்லை. பேசாமல் இருந்தது அப்பாவுக்குப் போதுமான பதிலாகிவிட்டது.

அப்பா கைநீட்டுகிற மனிதர் அல்ல. அன்றும் அடிக்கவில்லை. அம்மாவின் தாடையைப் பிடித்து, "வாயத் தொற" என்றார். இன்னொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. சித்தப்பா டோர்ச்சை அடித்தார். பல் பார்க்கவரும் டாக்டருக்கு முன்னால் பிள்ளைகள் நிற்பதுபோல அம்மா வாயைத் திறந்துகொண்டு நின்றார். அவர்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். வெற்றிலைக் காவி ஏறிய பற்கள், குறுக்கும் நெடுக்குமாக வெடித்த நாக்கு. கல் எதுவும் இல்லை. "இல்ல" என்று சொல்லிச் சித்தப்பா டோர்ச்சை அணைத்தார்.

கல் அப்பாவின் சட்டைப் பைக்குப் போனது. அந்த வாரம் வீட்டில் ஒரு புதிய மரியாதை நிலவியது. சித்தப்பா நகம் வெட்டிக்கொண்டார். த்ரீவீல் வாங்கினால் என்ன நிறம் என்று அப்பாவும் அவரும் கலந்து பேசினார்கள். சிவப்பு வேண்டாம், ஊரெல்லாம் சிவப்பு என்று முடிவாயிற்று. அம்மா கல் இல்லாமல் மலைக்குப் போய்வந்தார். வந்ததும் உதட்டைப் பிரிக்க அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. குடித்துவிட்டு எல்லோருக்கும் ரொட்டி சுட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரிக்குப் புறப்பட்டார்கள். பிள்ளை கூட இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது சித்தப்பாவின் யோசனை. கல்லைப் பஞ்சில் சுற்றி என் கொம்பஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். பஸ்ஸில் நான் அந்தப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். இறங்கும்வரை யாரும் என்னைத் திட்டவில்லை.

கல் வியாபாரிகள் நிற்கும் தெருவில் மூன்று பேர் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கடைசியாக ஒரு முஸ்லிம் முதலாளி, தாடி நரைத்தவர், எங்களை உட்காரவைத்தார். கல்லை வெயிலில் பிடித்தார். டோர்ச்சுக்கு மேலே வைத்துத் திருப்பினார்.

"மகன், இது வெறும் ஆத்துக் கல்லு. வீட்டுல மீன் தொட்டி இருந்தா போடுங்க."

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கல்லை மறுபடி விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆனா நல்லா தீட்டி இருக்கு. மெசின் வேலை இல்ல இது. என்னத்துல தீட்டினது?"

"எங்க அண்ணி வாயில வச்சிருந்தாங்க நாநா" என்றார் சித்தப்பா.

"வாயிலயா?" முதலாளி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். "இவ்வளவு தேயற மட்டுக்கா? ஏன்?"

"பொம்பளைங்க பழக்கம்" என்றார் அப்பா.

குற்றம் சாட்டாமல் ஏன் என்று கேட்டவர் அந்த ஒருவர்தான். பதிலுக்காக அவர் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில், பாலத்தில் வைத்துச் சித்தப்பா என் பெட்டியைத் திறந்து கல்லை எடுத்துக் களு கங்கையில் வீசினார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் அப்பா எனக்கு ஒரு ரோல்ஸ் வாங்கித் தந்தார். வெயிலில் அலைந்த தாகத்தில், மேசையிலிருந்த தண்ணீரையெல்லாம் நான் குடித்தேன். நல்ல பழக்கம்தானே.

பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் முட்டத் தொடங்கியது. அப்பாவின் காதில் சொன்னேன்.

"அடக்கிக்க. பொம்பளப் புள்ள, நடு ரோட்டுலயா எறங்குறது?"

பெல்மதுளையில் பஸ் தரித்து நின்றது. ஆண்கள் பலர் இறங்கினார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கூடப் போய், ஒரு மதிலைப் பார்த்து நின்றுவிட்டு, சாவகாசமாகத் திரும்பி வந்தார்கள். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யண்ட, இஸ்ஸரஹட்ட யண்ட" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளினார். நான் காலைப் பின்னிக்கொண்டு, எனக்குத் தெரிந்த வரிசைகளையெல்லாம் மனதுக்குள் சொன்னேன். நல்ல பழக்கங்கள், மாகாணங்கள், மாதங்களின் பெயர்கள். ஒவ்வொரு வளைவிலும் வரிசை அறுந்தது.

லயத்தடியில் நான் நடந்துவந்த விதத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பொதுக் கழிவறைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். என்னைக் காம்பராவுக்குப் பின்னால் வாழைமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். தன் படங்கைக் கையிரண்டிலும் விரித்துப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டி மறைவாக நின்றார்.

"எங்கருந்து அடக்கிக்கிட்டு வார?"

"பெல்மதுளைக்கு முன்னாலருந்து."

படங்கு கொஞ்சம் ஆடியது. அம்மா திரும்பவில்லை.

"கல்லு எங்க?"

"ஆத்துல வீசிட்டாங்கம்மா. அது மாணிக்கம் இல்லியாம்."

"அது எனக்குத் தெரியாதா" என்றார் அம்மா.

மறுநாள் பாடசாலை விட்டு வரும்போது ஓடையில் இறங்கித் தேடினேன். அம்மாவுக்குப் பிடித்த ஒரு சாமானை ஆண்கள் தொலைத்துவிட்டார்கள், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நல்லதாக இரண்டு கிடைத்தன. ஒன்று அம்மாவுக்கு. அம்மா வைத்திருப்பதுபோல ஒன்று எனக்கும் வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

மாலையில் கொடுத்தேன். அம்மா தன்னுடையதைக் கழுவி வாயில் போட்டு, கன்னத்துக்குக் கன்னம் உருட்டிப் பார்த்தார்.

"கரடா இருக்கு" என்றார். "போகப் போகச் சரியாயிடும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. "நானும் இஸ்கூலுக்கு வச்சுக்கிட்டுப் போகப்போறேன். எங்க கக்கூசுக்கும் கதவு இல்லதானே" என்று ஏதோ சொல்லிக்கொண்டே, என் கல்லை என் வாயில் போட்டேன்.

அம்மாவின் விரல் என் வாய்க்குள் பாய்ந்தது. கல்லைத் தோண்டி எடுத்து, வாழைமரங்களைத் தாண்டித் தூர எறிந்தார். நகம் கீறி என் உதட்டில் இரத்தம் வந்தது. "ஒனக்கு வேணாம்" என்றார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பக்கத்துக் காம்பராவில் பேச்சு நின்றது. பெரிய டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் மொண்டு என் கையில் திணித்து, "குடி" என்றார். தன் கல்லை இன்னும் கன்னத்தில் அடக்கியபடியே, நான் குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நின்றார்.

தனக்கென்று வைத்திருப்பதில் ஒரு பங்குகூட எனக்குத் தரமாட்டேன் என்கிறாரே என்று அழுகை அழுகையாக வந்தது. என்ன தப்புச் செய்தேன் என்று தெரியவில்லை. தண்டனை என்று நினைத்துக்கொண்டேதான் அந்தத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.