மொத்தமாக இறக்கினால் பூட்டிவிடுவார்கள்

சுனாமிக்குச் சில வருஷம் கழித்து, போர்ட் பிளேரில் ஒரு கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி இதழ்களெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்ட காலம். பதிப்பகத்துக்குச் சந்தா கட்டியிருந்தோம். எங்கள் வளாகத்துக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் திறக்கும். எங்கே திறந்தது? சாட்டிலைட் நெட். வானம் கொஞ்சம் மூடினால் கேட்கவே வேண்டாம்.

நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுப் பெண் ஒருத்தி எங்களிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிலோனிலிருந்து வந்து ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். கடல் ஏறிய மண்ணில் மறுபடி என்ன முளைக்கும் என்பதுதான் அவள் ஆய்வு. மெயின்லேண்டிலிருந்து வந்த விஞ்ஞானிகள் இவள் குடும்பம் இருந்த தோட்டத்திலேயே மண் எடுத்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். குழி தோண்டிக் கொடுத்தவர் அவள் அப்பா. அந்தக் கட்டுரையைப் பார்க்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். மாதக் கடைசி கெடு. ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாயிற்று.

ஒருநாள் காலை அதிசயமாக நெட் படுவேகமாக ஓடியிருக்கிறது. நான் ஏதோ மீட்டிங்கில் இருந்தேன். தீவில் வளர்ந்தவள் அல்லவா? கப்பல் வந்த அன்றைக்கே வெங்காயத்தை மூட்டையாக வாங்கிப் போடுகிற ஊர் இது. அடுத்த கப்பல் எப்போதோ, யார் கண்டது? அதே பழக்கத்தில் அந்த இதழை முதல் வருஷத்திலிருந்து வரிசையாக இறக்க ஆரம்பித்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியதோ கடைசி வருஷத்தில். அங்கே போய்ச் சேருமுன் பதிப்பகம் பூட்டிவிட்டது, கல்லூரி முழுவதற்கும்.

"நெட் சாலுவா ஓடுறப்பவே எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கலாம்னு பாத்தேன் மேடம்," என்று அழுதாள்.

"அடிப்பாவி! வேணுங்கிறத மொதல்ல எடுத்திருக்கக் கூடாதா?"

பதிப்பகத்திலிருந்து மெயில் வந்தது. மொத்தமாக இறக்குவது ஒப்பந்த மீறல். செய்தவர் பெயரைத் தந்து, அவரை இனி அனுமதிப்பதில்லை என்று உறுதி கொடுத்தால் திறப்போம். பெயரைக் கொடுத்தால் அவளுக்குக் கிடைக்காது. கொடுக்காவிட்டால் யாருக்குமே கிடையாது.

சென்னையில் நூலகராக இருந்த தோழிக்குப் போன் போட்டேன். "எங்ககிட்ட இருக்குடி. ஆனா வெளியாளுக்கு அனுப்பினது தெரிஞ்சா எங்களுக்கும் பூட்டிருவான்," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மண், எங்கள் ஆள் தோண்டிய குழி. அதைப் படிக்க எவன் காலில் போய் விழுவது?

கடைசியில் என் பெயரையே எழுதி அனுப்பினேன். இரண்டொரு நாளில் திறந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஊருக்கெல்லாம் கட்டுரை தேடிக் கொடுக்கிற நான் அந்த இதழ்களைத் தொடக் கூடாது.

அவளை உட்காரவைத்துப் பின்னால் நின்றுகொண்டேன். கட்டுரை ஆடி அசைந்து இறங்கியது. அவள் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். நன்றி சொல்லியிருந்தார்கள். நிதி கொடுத்தவர், துறைத்தலைவர், படகு தந்த அதிகாரி என்று வரிசையாகப் பெயர்கள். முடிவில், மண் எடுக்க உதவிய உள்ளூர்க் கூலியாட்களுக்கும்.

அவள் அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க அப்பா, மேடம்."